பிள்ளைக்கு மாசம் எவ்வளவு கேக்கலாம்? கொழும்பில தாபரிப்புக் காசுக்கு கணக்குப் போடுற விதம்

முதல்லயே உடைச்சுச் சொல்லிடுறன், எங்கட நாட்டில பிரிஞ்சிருக்கிற அப்பா பிள்ளைக்கு சம்பளத்தில இத்தனை வீதம் குடுக்கோணும் எண்டு எந்தச் சட்டமும் சொல்லேல்ல. மூண்டில ஒண்டு எண்டு ஒராள் சொல்லும், கால்வாசி எண்டு இன்னொராள் சொல்லும், வெள்ளவத்தை மாக்கெட்டில மீன் வெட்டக் குடுத்திட்டு நிக்கேக்க கூட இந்தக் கதை காதில விழும், ஒண்டையும் நம்பிக் கொண்டு கோட்ஸுக்குப் போகாதேங்கோ.

இந்த வீதக் கதை எங்க இருந்து வருதெண்டா கனக்க வெளிநாட்டில இருந்துதான். லண்டன்ல இருக்கிற மச்சாள் போன்ல "இங்க 12 பெர்சன்ட் எடி" எண்டு சொல்லுவா, அது அங்க சரிதான். இங்கிலாந்தில அரசாங்கமே கணக்குப் போட்டுக் குடுக்கும், கிழமை வருமானம், அதுவும் டக்ஸ் வெட்ட முதல் உள்ள தொகை, 200 பவுண்டுக்கும் 800க்கும் இடையில எண்டா ஒரு பிள்ளைக்கு 12 வீதம், ரெண்டெண்டா 16, மூண்டோ அதுக்கு மேலயோ எண்டா 19. கிழமைக்கு 500 பவுண்ட் எடுக்கிறவர் ஒரு பிள்ளைக்கு 60 பவுண்ட் குடுக்கோணும். பிள்ளை வருசத்தில 52 தொடக்கம் 103 இரவு வரைக்கும் அவரோட தங்கினா அதிலயும் ஏழில ஒரு பங்கு குறையும், அதுக்கு மேல தங்கினா இன்னும் கூடக் குறையும். கனடாவில மாகாணத்துக்கு மாகாணம் அட்டவணையே இருக்கு. எங்களிட்ட இப்பிடி அட்டவணை ஒண்டும் இல்லை. எல்லாம் மஜிஸ்ட்ரேட்டின்ர கையில. அப்ப அவர் எதை வைச்சு முடிவெடுக்கிறார்? நீங்கள் முன்னால வைக்கிற பேப்பரை வைச்சு. அதாலதான் இதை இருந்து எழுதுறன்.

நான் 2017இல முதல் தரம் கேஸ் போட்டனான், அப்ப மகளுக்கு 3 வயசு. 25,000 கேட்டன். அது எப்பிடி வந்த கணக்கு எண்டு கேட்டினம். என்னட்ட பதில் இல்லை, "பிள்ளைக்கு வேணும் சேர்" எண்டு மட்டும் சொன்னன், கையில பால்மா பில் கூட இல்லை, மகளின்ர அப்பாவின்ர பக்கத்து லோயர் எழும்பி அவற்ற சம்பளம் இவ்வளவுதான், லோன் இவ்வளவு, அம்மாக்கு மருந்து இவ்வளவு எண்டு அடுக்கிக்கொண்டே போனார். கடைசியில 12,000 எண்டு போட்டாச்சு. வீட்ட வந்து இரவு முழுக்க அழுதன். ஆனா யோசிச்சுப் பாத்தா மஜிஸ்ட்ரேட் என்ன செய்யிறது, ஒரு பக்கம் கணக்கு இருந்தது, மற்றப் பக்கம் அழுகை மட்டும்தான் இருந்தது.

சட்டம் என்ன சொல்லுதெண்டு விளங்கினா மிச்சம் லேசு. 1999ஆம் ஆண்டு 37ஆம் இலக்க மெயின்டனன்ஸ் சட்டம், தமிழில பராமரிப்புச் சட்டம் எண்டுவினம், அதில பிள்ளைக்கு மாசக் காசு போடேக்க ரெண்டு விசயத்தைப் பாக்கச் சொல்லியிருக்கு. ஒண்டு அப்பா அம்மா ரெண்டு பேரின்ர வருமானம். மற்றது பிள்ளையின்ர வசதியும் நிலைமையும். இதில ரெண்டு பேரின்ர எண்ட சொல்லைக் கவனியுங்கோ, நீங்கள் வேலை செய்தா உங்கட சம்பளத்தையும் பாப்பினம், அதை மறைக்கப் போய் மாட்டுப்பட்டா நீங்கள் சொன்ன மற்ற எல்லாத்திலயும் சந்தேகம் வந்திடும், அதால நேராச் சொல்லுங்கோ. அதோட கடமை அப்பாவுக்கு மட்டும் எண்டில்லை, பிள்ளை அப்பாவோட இருந்து அம்மா நல்ல வேலையில இருந்தா அவரும் அம்மாவுக்கு எதிரா இதே கேஸைப் போடலாம்.

இப்ப கணக்குக்கு வருவம். ஒரு சிஆர் கொப்பி வாங்குங்கோ, போன்ல எழுதாதேங்கோ, கொப்பிதான் கையில நிக்கும். குறைஞ்சது மூண்டு மாசம் பிள்ளைக்குப் போற ஒவ்வொரு ரூவாயையும் எழுதி பில்லை ஒட்டுங்கோ, கடைப் பில் வெயிலில மங்கிப் போயிடும், அதால ஒரு போட்டோவும் எடுத்து வையுங்கோ. அவசரமா கேஸ் போடோணும் எண்டா மூண்டு மாசம் காத்திருக்கத் தேவையில்லை, போட்டிட்டு எழுதத் தொடங்குங்கோ, ஏனெண்டதைக் கீழ சொல்றன்.

கனபேர் பிழைவிடுறது பிள்ளைச் செலவெண்டா பால்மா, ஸ்கூல், மருந்து எண்டு மட்டும் நினைக்கிறது. பிள்ளை ஒரு கூரைக்குக் கீழதானே படுக்குது. வீட்டு வாடகையில பிள்ளைக்கும் பங்கிருக்கு, லைட் பில், தண்ணி பில், காஸ் சிலிண்டர் எல்லாத்திலயும் பங்கிருக்கு. வீட்டில மூண்டு பேரெண்டா மூண்டால பிரியுங்கோ. அடுத்த பிழை, மாசா மாசம் வராத செலவை விட்டிடுறது. ஜனவரியில சப்பாத்து, பாக், யூனிபோம் தைக்கிற கூலி, தீபாவளி உடுப்பு, பிறந்தநாள் உடுப்பு, இதெல்லாம் வருசத்துக்கு ஒருக்கா வாறதெண்டு லிஸ்டில வராது, ஆனா காசு போகுது. எல்லாத்தையும் கூட்டி 12ஆல பிரிச்சு மாசக் கணக்கில போடுங்கோ. காய்ச்சலும் அப்பிடித்தான், இந்த மாசம் வராது, அடுத்த மாசம் டெங்கு எண்டு ரெண்டு கிழமை ஆஸ்பத்திரியில கிடக்கும். போன வருசத்து மருந்துச் செலவைக் கூட்டி அதையும் 12ஆல பிரியுங்கோ.

உதாரணத்துக்கு ஒரு 8 வயசுப் பெடியனை எடுப்பம், தாயோடயும் அம்மம்மாவோடயும் வெள்ளவத்தையில வாடகை வீடு, வாடகை 66,000 எண்டு வைப்பம். இது நான் போட்ட கணக்கு, உங்கட வீட்டுத் தொகையை உங்கட பில்லில இருந்து எடுங்கோ. வாடகையில அவன்ர பங்கு 22,000, சாப்பாடு பால் எல்லாம் 17,000, லைட் தண்ணி காஸ் பங்கு 4,000, ஸ்கூல் வான் 9,000, ரியூசன் 6,000, மருந்து சராசரி 3,000, உடுப்பு சப்பாத்து வருசத்துக்கு 36,000 போகுதெண்டா மாசம் 3,000, கொப்பி பென்சில் ஸ்கூல்ல கேக்கிற சின்னச் சின்னக் காசு 2,500, தலைமயிர் வெட்டு, ஒருக்கா கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போறது, கூட்டாளியின்ர பேர்த்டேக்கு ஒரு பிரசன்ட் எண்டு 1,500. கூட்டினா 68,000 வருது. பாத்தீங்களோ, பால்மாவும் ஸ்கூலும் மட்டும் எழுதியிருந்தா முப்பதாயிரத்தோட நிண்டிருக்கும்.

இல்லாத செலவைச் சேர்த்து எழுதாதேங்கோ, அது முக்கியம். அரசாங்கப் பள்ளிக்கூடத்தில பாடப்புத்தகம் இலவசம் எண்டு எல்லாருக்கும் தெரியும், அதுக்கு ஒரு தொகையைப் போட்டா எதிர்ப்பக்க லோயர் அந்த ஒண்டைப் பிடிச்சே முழு லிஸ்டையும் கிழிச்சிடுவார்.

அடுத்தது பிள்ளையின்ர அப்பாவின்ர வருமானம். அரசாங்க வேலை, கம்பனி வேலை எண்டா பே ஷீட் இருக்கும், உங்களிட்ட இல்லாட்டி சம்பள விபரத்தை வேலைத்தளத்தில இருந்து எடுப்பிக்கச் சொல்லி கோட்ஸில கேக்கலாம். பே ஷீட்டைப் பாக்கேக்க கடைசி வரியில கைக்கு வாறது எண்டிருக்கிற தொகையை மட்டும் பாக்காதேங்கோ. ஈபிஎஃப், அதான் ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம் வெட்டுறது, டக்ஸ் வெட்டுறது, அதெல்லாம் அவற்ற கையில இல்லாத விசயம், சரி. ஆனா பிரிஞ்ச பிறகு எடுத்த வாகன லோன், நலன்புரிச் சங்கத்துக் கடன், சீட்டுக் காசு, இதுகள் அவரா விரும்பி ஏத்தினது. லோன் எடுத்து எடுத்து கைக்கு வாறதை 20,000க்கு கொண்டு வந்து நிப்பாட்டிட்டு "இவ்வளவுதான் சேர் எனக்கு மிஞ்சுது" எண்டு சொல்ற ஆக்கள் இருக்கினம், லோன் எடுத்த திகதியை ஒவ்வொண்டாக் கேக்கச் சொல்லி உங்கட லோயரிட்ட சொல்லுங்கோ. ஓவர்டைம் காசு, அலவன்ஸ், போனஸ் எல்லாம் வருமானம்தான், அதையும் விடாதேங்கோ.

பே ஷீட் இல்லாத ஆக்கள்தான் பெரிய தலையிடி. பெற்றாவில கடை வைச்சிருக்கிறார், த்ரீவீல் ஓடுறார், கொந்தராத்து எடுக்கிறார், கேட்டா வருமானம் இல்லை எண்டுவார். அப்ப அவர் வாழுற விதத்தைக் காட்டோணும். வாகனம் அவற்ற பேரில இருந்தா அந்த விபரம், கடை பதிவு, அவர் முந்தி வீட்டுக்குத் தந்த காசு உங்கட பாங்க் புத்தகத்தில விழுந்த திகதியும் தொகையும், பிள்ளையின்ர பழைய ஸ்கூல் பீஸ் அவர் கட்டின ரசீது. முந்தி மாசம் 50,000 வீட்டுக்குத் தந்தவருக்கு கேஸ் வந்த அண்டைக்கு மட்டும் வருமானம் நிண்டு போச்சோ எண்டு கேக்க அந்தப் பாங்க் புத்தகமே காணும். வேலையே இல்லை எண்டு சொன்னாலும் கை கால் சுகமா இருக்கிற ஒராள் உழைக்கக் கூடியவர் எண்டு கோட்ஸ் பாக்கும், சும்மா இருக்கிறதைக் காட்டித் தப்ப முடியாது.

இனி பங்கு பிரிக்கிறது. இது சட்டத்தில உள்ள முறை இல்லை, ஆனா சட்டம் ரெண்டு பேரின்ர வருமானத்தையும் பாக்கச் சொல்லுறதால விளங்கப்படுத்துறதுக்கு இதைவிட லேசான வழி எனக்குத் தெரியாது. அவருக்கு 180,000, உங்களுக்கு 70,000 எண்டு வைப்பம். ரெண்டும் சேர்ந்து 250,000. அதில அவற்ற பங்கு 72 வீதம், உங்கடது 28. பிள்ளைச் செலவு 68,000இல 72 வீதம் எண்டா 48,960, மிச்சம் 19,040 உங்கட தலையில. அப்ப கோட்ஸில கேக்கிறது 49,000. ஏன் இந்தத் தொகை எண்டு கேட்டா இப்ப உங்களிட்ட பதில் இருக்கு. அதோட இன்னொண்டும் சொல்லுங்கோ, காலமை எழுப்பி வெளிக்கிடுத்தி, காய்ச்சலுக்கு லீவு போட்டு, இரவில ஹோம்வேர்க் செய்விக்கிற வேலை இந்த 28 வீதத்துக்குள்ள இல்லை, அது உங்களிட்ட இருந்து தனியாப் போகுது.

அவருக்கு வேற குடும்பம் வந்திட்டுது, அங்கயும் பிள்ளை இருக்கு எண்டா மஜிஸ்ட்ரேட் அதையும் யோசிக்கத்தான் செய்வார், அதுவும் ஒரு பிள்ளைதானே. ஆனா அதுக்காக முதல் பிள்ளைக்கு இல்லை எண்டு ஆகாது.

கேஸ் போடுறது நீங்கள் இருக்கிற இடத்து நீதவான் நீதிமன்றத்தில, அதான் மஜிஸ்ட்ரேட் கோட்ஸில. பொலிஸுக்குப் போய் எழுதி வைச்சிட்டு அவங்கள் வாங்கித் தருவாங்கள் எண்டு மாசக்கணக்கில இருக்காதேங்கோ, காசு குடு எண்டு ஓடர் போடுற அதிகாரம் கோட்ஸுக்குத்தான். பிள்ளையின்ர பேர்த் சேர்ட்டிபிகேட், கல்யாணப் பதிவு, உங்கட ஐடி, வதிவிடத்துக்கு ஜீஎஸ், அதான் கிராம சேவகரின்ர கடிதம், அவற்ற விலாசம், வேலை இடத்து விலாசம், பிறகு அந்தக் கொப்பி. விண்ணப்பத்தோட சத்தியக்கடதாசியும் குடுக்கோணும். அதைப் பாத்து அவருக்கு அழைப்பாணை போகும்.

நாள் கடத்தாதேங்கோ எண்டு மேல சொன்னன் எல்லோ, காரணம் இதுதான். ஓடர் போட்டா பொதுவா காசு கணக்குத் தொடங்குறது விண்ணப்பம் போட்ட திகதியில இருந்து, மஜிஸ்ட்ரேட் காரணம் எழுதி வேற திகதி போட்டாலொழிய. அதுக்கு முதல் போன மாசங்கள் போனதுதான். மாமாக்கள் பேசுவினம், தீபாவளிக்குப் பிறகு பாப்பம், கோயில் திருவிழா முடியட்டும் எண்டு ஒரு வருசம் இழுத்தா, மாசம் 40,000 எண்டு பாத்தாலும் 480,000 பிள்ளைக்கு இல்லாமல் போகுது. பேசுறது பேசட்டும், விண்ணப்பம் ஒரு பக்கத்தால போகட்டும். கேஸ் முடியும் வரைக்கும் இடைக்கால ஓடர் ஒண்டும் கேக்கலாம், கேக்க மறக்காதேங்கோ, டேட்டுக்கு மேல டேட் போகும், பிள்ளைக்கு ஒவ்வொரு நாளும் பசிக்கும்.

உங்களைப் பற்றி அங்க கதை கட்டுவினம், அதுக்கும் மனசைத் திடப்படுத்தி வைச்சுக்கொண்டு போங்கோ. மனைவி நடத்தை சரியில்லை எண்டு காட்டினா மனைவிக்கு வாற காசுதான் நிக்கலாம், ரெண்டு பேரும் விரும்பித்தான் பிரிஞ்சம் எண்டாலும் அப்பிடித்தான். பிள்ளையின்ர காசுக்கும் இதுகளுக்கும் தொடர்பே இல்லை. சட்டத்தில மனைவி வேற பிரிவு, பிள்ளை வேற பிரிவு. அதால விண்ணப்பத்தில உங்களுக்கு எவ்வளவு, பிள்ளைக்கு எவ்வளவு எண்டு பிரிச்சுக் கேளுங்கோ, ரெண்டு பிள்ளையெண்டா ஒவ்வொண்டுக்கும் தனித்தனியா. மொத்தமா ஒரு தொகை கேட்டா, உங்கட பங்கில பிரச்சினை வரேக்க பிள்ளையின்ரயும் இழுபடும்.

கல்யாணப் பதிவு இல்லாமல் பிறந்த பிள்ளைக்கும் இதே உரிமை இருக்கு, ஆனா அவர்தான் தகப்பன் எண்டு வலுவான ஆதாரம் காட்டோணும். 18 வயசோட எல்லாம் முடிஞ்சுது எண்டும் நினைக்காதேங்கோ, 18க்கும் 25க்கும் இடையில தானா உழைச்சு வாழ ஏலாத நிலையில, கம்பஸில படிச்சுக்கொண்டிருக்கிற பிள்ளை மாதிரி, தனியாக் கேக்க சட்டத்தில இடம் இருக்கு. வலது குறைஞ்ச பிள்ளைகளுக்கும் தனிப் பிரிவு இருக்கு. முஸ்லிம் ஆக்களுக்கு வழி வேற, 1951ஆம் ஆண்டு 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டப்படி காதி நீதிமன்றத்துக்குப் போகோணும்.

காசு கையால வாங்காதேங்கோ. பாங்க் எக்கவுண்டுக்குப் போடச் சொல்லிக் கேளுங்கோ, போட்டவரோ இல்லையோ எண்டு பிறகு சண்டை வராது. தராமல் விட்டா திரும்ப அதே கோட்ஸுக்குப் போய்ச் சொல்லோணும், சம்பளத்தில நேரா வெட்டுறதுக்கு ஓடர் எடுக்கலாம், தண்டப்பணம் அறவிடுற மாதிரி அறவிட வாறண்ட் குடுக்கலாம், கட்டாத ஒவ்வொரு மாசத்துக்கும் ஒரு மாசம் வரைக்கும் மறியலும் இருக்கு. நான் சொல்றது சம்பளத்தில வெட்டுறதுதான் நல்லம், அவர் உள்ளுக்க போனா உழைப்பும் நிண்டு போகும், பிள்ளைக்கு என்ன லாபம். அவர் மேல்முறையீடு செய்தாலும் ஹைகோட் நிப்பாட்டச் சொல்லாத வரைக்கும் காசு கட்டித்தான் ஆகோணும்.

ஓடர் ஒருக்கா போட்டா காலம் முழுக்க அதேதான் எண்டு நானும் நம்பியிருந்தன். 2022 வந்தது. டொலர் 200 ரூவாவில இருந்து 360க்கு ஏறினது, செப்டம்பர்ல கொழும்புப் பணவீக்கம் 69.8 வீதம், பால்மாவுக்கு கியூவில நிண்டதை மறக்கேலுமே. எனக்கு மட்டும் அதே 12,000 வந்துகொண்டிருந்தது, அதில வானுக்குக் குடுத்தா மிச்சம் ஒண்டுமில்லை. பிறகுதான் ஒரு அக்கா சொன்னவ, நிலைமை மாறினா தொகையைக் கூட்டச் சொல்லி அதே கோட்ஸில கேக்கலாம் எண்டு. அவர் பக்கத்திலயும் அப்பிடித்தான், வேலை போயிட்டுது, வருத்தம் வந்திட்டுது எண்டா குறைக்கச் சொல்லி அவரும் கேக்கலாம். 2023இல கொப்பியோட போனன். ஓடர் போட்ட நேரத்து விலையும் இப்பத்தைய விலையும் பக்கத்தில பக்கத்தில ரெண்டு நிரலா எழுதியிருந்தன். இந்தத் தரம் மஜிஸ்ட்ரேட் பக்கத்தைப் பிரட்டிப் பிரட்டிப் பாத்திட்டு ரியூசன் ரசீதை மட்டும் கேட்டார், எடுத்துக் குடுத்தன். 35,000 போட்டவர்.

அவர் வெளிநாட்டில எண்டா கேஸ் போடேலாது எண்டு ஒதுங்காதேங்கோ. இங்கிலாந்தில இருக்கிறவருக்கு எதிரா இங்க எடுக்கிற ஓடரை அங்க செல்லுபடியாக்குற ஒழுங்கு 1920ஆம் ஆண்டு பிரித்தானியச் சட்டம் ஒண்டின் கீழ இன்னும் இருக்கு, ரெண்டு நாட்டு அதிகாரிகளும் பேப்பர் மாத்துற வேலை அது, காலம் எடுக்கும், அவற்ற சரியான விலாசம் இல்லாமல் ஒண்டும் நடக்காது. அந்த விலாசத்தை இப்பவே எடுத்து வையுங்கோ.

கடைசியா பாசை. கொழும்பு கோட்ஸில வேலை நடக்கிறது சிங்களத்தில, எங்கட பெட்டையள் கனபேர் அங்க என்ன நடந்ததெண்டே விளங்காமல் தலையாட்டிட்டு வந்திடுகினம். அரசியலமைப்பில 24ஆம் உறுப்புரைப்படி விண்ணப்பத்தைத் தமிழில குடுக்கலாம், நடக்கிறதைத் தமிழில சொல்லித்தர மொழிபெயர்ப்பாளரை அரசாங்கம்தான் தரோணும். கேஸ் கூப்பிட்டவுடன எழும்பி "தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேணும்" எண்டு சொல்லுங்கோ, வெக்கப்படாதேங்கோ. லோயருக்குக் குடுக்கக் காசில்லை எண்டா கொழும்பில புதுக்கடை எண்ட இடத்தில சட்ட உதவி ஆணைக்குழு இருக்கு, 1978இல வந்த சட்டத்தால உருவானது, வருமானம் குறைஞ்ச ஆக்களுக்கு லோயர் வைச்சுத் தருவினம், தாபரிப்புக் கேஸ் அவைக்குப் பழகின வேலை. கேஸ் பேப்பரோட உங்கட வருமானத்தைக் காட்டுற கடிதமும் ஜீஎஸ்ஸிட்ட எடுத்துக்கொண்டு காலமையே போங்கோ, எல்லாத்திலயும் ரெண்டு போட்டோக்கொப்பி, கொப்பியின்ர ஒறிஜினலை மட்டும் ஒருத்தரிட்டயும் விட்டிட்டு வராதேங்கோ.